கொப்பி செய்த தமிழ் குலையாமல் வந்துசேர: கிளிப்போர்ட் வடிவங்களைப் பொது வகைகளுடன் இணைக்கும் முழு வழிகாட்டி

மட்டக்களப்பு நகரில் ஓர் அச்சகத்துக்குச் சின்னதாக ஒரு ஜாவா மென்பொருள் எழுதிக் கொடுத்தேன். கல்யாணக் கார்ட், நினைவஞ்சலி, கோயில் திருவிழா நோட்டீஸ் என்று வாடிக்கையாளர் எந்தக் கோப்பைக் கொண்டுவந்தாலும் அதிலிருந்து கொப்பி எடுத்து இதற்குள் ஒட்டினால், தாளின் அளவுக்கு அமைத்துத் தரும். கல்லடியில் என் வீட்டில், லினக்ஸ் போட்ட மடிக்கணினியில் எல்லாம் ஒழுங்காக ஓடியது. அச்சகத்து விண்டோஸ் கணினியில் போட்ட முதல் நாளே தட்டச்சு செய்யும் அக்காவின் அழைப்பு வந்துவிட்டது.

"தம்பி, இஞ்ச வந்து பாருங்க. வேர்ட்ல நல்ல தமிழா இருக்கு. உங்கட இதுக்குள்ள போட்டா இங்கிலிசும் அரைப்புள்ளியுமா வருது."

பார்த்தவுடன் விளங்கிவிட்டது: பாமினி, ஆங்கிலக் குறிகளுக்குத் தமிழ் உருவம் போட்ட பழைய எழுத்துரு. நம் பக்கத்தில் பழைய கோப்பென்றால் பாதிக்கு மேல் பாமினிதான். ஆனால் அதை எப்படிச் சரிசெய்வது என்று இறங்கிய பிறகுதான், கொப்பி செய்தது ஒட்டும்வரை தங்கும் இடமான கிளிப்போர்ட்டைப் பற்றி எனக்கு ஒன்றுமே தெரியாது என்பது விளங்கியது. கட்டுப்பாட்டு விசையும் சீயும், கட்டுப்பாட்டு விசையும் வீயும் என்று இருபது வருடமாக அழுத்திக்கொண்டிருக்கிறோம், நடுவில் என்ன நடக்கிறது என்று எட்டிப் பார்த்ததில்லை. அந்த எட்டிப் பார்த்தலைத்தான் கீழே படிபடியாக எழுதுகிறேன். உதாரணங்கள் ஜாவாவில் இருந்தாலும், வேறு மொழியில் எழுதுபவருக்கும் வேலை இதேதான்.

படி 1: முதலில் உள்ளே என்ன இருக்கிறதென்று பாருங்கள்

கொப்பி செய்தால் ஒரு பொருள் கிளிப்போர்ட்டுக்குப் போகிறது என்று நினைக்கிறோம். உண்மையில் ஒரே பொருளின் பல பிரதிகள் போகின்றன. வேர்டில் ஒரு வரியைக் கொப்பி செய்தால் வெறும் எழுத்தாக ஒன்று, எச்டிஎம்எல்லாக (இணையப் பக்கங்களின் வடிவம்) ஒன்று, ஆர்டிஎஃப்பாக (எழுத்துரு, அளவு போன்ற அலங்காரத்தோடு வரும் எழுத்து வடிவம்) ஒன்று, படமாக ஒன்று என்று அடுக்கி வைக்கும். எக்செல் வைக்கும் வடிவங்கள் இருபதைத் தாண்டும். ஒட்டும் நிரல் தனக்கு விளங்கும் ஒன்றை எடுத்துக்கொள்கிறது.

நிரல் எழுதுவதற்கு முன் இந்தப் பட்டியலைக் கண்ணால் பார்த்துவிடுங்கள். விண்டோஸில் இன்சைட் கிளிப்போர்ட் என்ற இலவசக் கருவி எல்லாவற்றையும் எண், பெயர், பைட் அளவோடு காட்டும். லினக்ஸில் திரையை நடத்துவது பழைய எக்ஸ்11 என்றால் எக்ஸ்கிளிப் கட்டளையிடம் 'டார்கெட்ஸ்' என்ற இலக்கைக் கேளுங்கள். புதிய வேலண்ட் என்றால் டபிள்யூஎல்-பேஸ்ட் கட்டளைக்கு வகைகளைப் பட்டியலிடும் தெரிவு இருக்கிறது. ஜாவாவிலேயே பார்க்க வேண்டுமானால் கிளிப்போர்ட் பொருளிடம் 'கெட் அவெய்லபிள் டேட்டா ஃபிளேவர்ஸ்' என்று கேட்டு அச்சிடுங்கள். இதில் வருவது ஜாவா மொழிபெயர்த்துத் தருகிற பட்டியல், இயங்குதளத்தின் அசல் பட்டியல் அல்ல. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எது நடுவில் தொலைகிறது என்று தெரியும். என் பிரச்சினைக்கான பாதி விடை அந்த இரண்டு பட்டியல்களிலேயே கிடந்தது.

படி 2: உள்ளூர்ப் பெயர்களை அறிந்துகொள்ளுங்கள்

ஒவ்வொரு இயங்குதளமும் வடிவங்களுக்குத் தன் பாட்டுக்குப் பெயர் வைத்திருக்கிறது. இவற்றை உள்ளூர்ப் பெயர்கள் என்று சொல்கிறேன்.

விண்டோஸில் வடிவம் என்பது ஓர் எண். 1 என்றால் அந்தக் கணினியின் பழைய குறியாக்கத்தில் எழுத்து, 7 என்றால் டொஸ் காலத்துக் குறியாக்கத்தில் எழுத்து, 13 என்றால் யூனிகோட் எழுத்து. 8 படம், 17 அதே படத்தின் புதிய வடிவம், 15 கோப்புகளின் பட்டியல். எச்டிஎம்எல், ஆர்டிஎஃப் போன்றவற்றுக்கு நிலையான எண் இல்லை. நிரல் ஒரு பெயரைப் பதிவு செய்கிறது, விண்டோஸ் 49152 முதல் 65535 வரையில் ஓர் எண்ணைத் தருகிறது. அதே பெயரை இன்னொரு நிரல் பதிந்தால் அதே எண் கிடைக்கும். நாளைக்குக் கணினியை மறுபடி போட்டால் எண் மாறலாம். ஆகவே எண்ணை எங்கேயும் சேமிக்காதீர்கள், பெயரைச் சேமியுங்கள்.

எக்ஸ்11இல் பெயர்தான். 'யூடிஎஃப்8 ஸ்ட்ரிங்' என்றால் யூனிகோட் எழுத்து, நமக்கு வேண்டியது. வெறும் 'ஸ்ட்ரிங்' என்றால் லத்தீன்-1, அதில் தமிழுக்கு இடமே இல்லை. கூடவே டெக்ஸ்ட்/எச்டிஎம்எல், இமேஜ்/பிஎன்ஜி என்று மைம் பெயர்களும் (இணையத்தில் தரவின் வகையைச் சொல்லும் பெயர்கள்) வரும். வேலண்டில் முழுக்க மைம் பெயர்கள். மெக்கில் யூடிஐ என்ற முறை: 'பப்ளிக்' என்று தொடங்கி, புள்ளி வைத்து, யூடிஎஃப்8 எழுத்து, எச்டிஎம்எல், பிஎன்ஜி, கோப்பு முகவரி என்று பெயர்கள் போகும்.

படி 3: உங்கள் பொது வகைகளைத் தீர்மானியுங்கள்

இங்கேதான் பலர் அவசரப்படுகிறார்கள். விண்டோஸின் 13ஐ டெக்ஸ்ட்/பிளெயினுக்கு, எக்ஸ்11இன் யூடிஎஃப்8 ஸ்ட்ரிங்கை டெக்ஸ்ட்/பிளெயினுக்கு என்று ஒரு அகராதி எழுதினால் வேலை முடிந்தது என்று நானும் நினைத்தேன். பெயரை மாற்றுவது ஒரு மணித்தியால வேலை. அந்தப் பெயருக்குள் வரும் பைட்டுகள் வேறு வேறு என்பதுதான் மிச்ச இரண்டு கிழமையைத் தின்றது.

ஆகவே பொது வகை ஒவ்வொன்றுக்கும் பெயரோடு சேர்த்து ஒரு வாக்கியத்தில் உள்ளடக்கத்தையும் வரையறுங்கள். நான் எழுதியது இவ்வளவுதான்:

வெறும் எழுத்து: யூனிகோட் சரம், வரிமுறிவு ஒற்றை எழுத்து மட்டும், கடைசியில் பூச்சியம் இல்லை.
எச்டிஎம்எல்: யூனிகோட் சரம், விண்டோஸ் முன்னால் போடும் தலைப்பு (படி 6இல் வரும்) நீக்கப்பட்டது, ஆவணத்தின் தலைப்பகுதி உட்பட முழுமையாக.
படம்: பிஎன்ஜி பைட்டுகள்.
கோப்புகள்: முழுப் பாதைகளின் பட்டியல், கூடவே கொப்பியா வெட்டா என்ற ஒரு குறிப்பு.
என் சொந்த வகை: கார்ட் வடிவமைப்பு, யூடிஎஃப்8 ஜேசன், முதல் புலத்தில் பதிப்பு எண்.

ஐந்து போதும். இருபது வகை வைத்தால் இருபதுக்கும் எழுதவும் படிக்கவும் சோதிக்கவும் நீங்கள்தான் இருக்க வேண்டும்.

படி 4: இணைப்பு அட்டவணை

அட்டவணையில் ஒரு வரிக்கு ஐந்து விடயம் வேண்டும்: இயங்குதளம், உள்ளூர்ப் பெயர், பொது வகை, பைட்டை மாற்றும் செயல்கூறு, முன்னுரிமை. மாற்றும் செயல்கூறு இரண்டாக இருக்கும், உள்ளே வர ஒன்று, வெளியே போக ஒன்று. ஒரு பொது வகைக்குப் பல உள்ளூர்ப் பெயர்கள் வரலாம். ஓர் உள்ளூர்ப் பெயர் பல பொது வகைகளுக்கும் போகலாம். அதனால் சாதாரண ஒன்றுக்கு ஒன்று அகராதி இங்கே போதாது. வரிசைப்படுத்திய பட்டியல் வேண்டும்.

ஜாவாவில் இந்த அட்டவணை ஏற்கெனவே இருக்கிறது. பெயர் 'சிஸ்டம் ஃபிளேவர் மேப்'. உள்ளூர்ப் பெயர்களை அது வெறும் சரங்களாக வைத்திருக்கிறது. பொது வகை என்பது 'டேட்டா ஃபிளேவர்', அதாவது ஒரு மைம் வகையும் அதைத் தாங்கும் ஜாவா வகுப்பும் சேர்ந்தது. டெக்ஸ்ட்/எச்டிஎம்எல் சரமாக வருவது ஒரு ஃபிளேவர், அதுவே பைட் ஓடையாக வருவது இன்னொரு ஃபிளேவர். சரமாக வாங்கினால் குறியாக்கத்தைப் பற்றிக் கவலையில்லை. ஓடையாக வாங்கினால் குறியாக்க அளவுருவை நீங்கள்தான் பார்க்க வேண்டும். முடிந்தவரை சரமாகவே வாங்குங்கள்.

புதிய இணைப்பைச் சேர்க்கும்போது இரண்டு இடத்தில் கால் இடறும். 'ஆட் ஃபிளேவர் ஃபோர் அன்என்கோடட் நேட்டிவ்' என்ற செயல்கூறு ஒரு திசைக்கு மட்டுமே இணைப்புப் போடும், உள்ளூர்ப் பெயரிலிருந்து பொது வகைக்கு. கல்லடிப் பழைய பாலத்தில் போனவர்களுக்கு இது விளங்கும்: ஒரு பக்கத்து வாகனம் ஏறினால் மற்றப் பக்கம் நிற்க வேண்டியதுதான். எதிர்த் திசைக்கு 'ஆட் அன்என்கோடட் நேட்டிவ் ஃபோர் ஃபிளேவர்' என்பதைத் தனியாக அழைக்க வேண்டும். நான் முதலாவதை மட்டும் அழைத்துவிட்டு, ஒட்டுவது வேலை செய்கிறது, கொப்பி ஏன் வேறு பெயரில் போகிறது என்று அரை நாள் மண்டையை உடைத்தேன்.

மற்றது முன்னுரிமை. இப்படிச் சேர்க்கும் இணைப்பு ஏற்கெனவே உள்ளவற்றுக்குக் கீழேதான் உட்காரும். உங்களுடையது மேலே வர வேண்டுமானால் 'செட்' என்று தொடங்கும் செயல்கூறுகளால் முழுப் பட்டியலையும் மாற்றி எழுதுங்கள். எழுதும்போது பழைய பட்டியலை முதலில் வாங்கி, உங்களுடையதை அதன் தலையில் வைத்துத் திருப்பிக் கொடுங்கள். இல்லாவிட்டால் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது நின்றுபோகும்.

கியூட்டி என்ற மென்பொருள் நூலகத்தில் எழுதுபவர்களுக்கு: பொது வகை 'கியூ மைம் டேட்டா'வில் இருக்கிறது. விண்டோஸுக்கு ஒரு மாற்றி வகுப்பும் மெக்கின் யூடிஐக்கு ஒரு மாற்றி வகுப்பும் உண்டு. 5ஆம் பதிப்புக்கும் 6ஆம் பதிப்புக்கும் இடையில் அவற்றின் பெயர்கள் மாறிவிட்டன, பழைய உதாரணங்களைப் பார்த்து எழுதும்போது கவனம்.

படி 5: வெறும் எழுத்து

விண்டோஸில் எப்போதும் 13ஐ எடுங்கள். 1ஐத் தொடாதீர்கள். தமிழுக்கு விண்டோஸில் பழைய பாணிக் குறியாக்கப் பக்கம் கிடையாது, ஆகவே யூனிகோட் 'அம்மா' 1ஆம் வடிவத்தில் ஐந்து கேள்விக்குறிகளாக வந்து நிற்கும். ஐந்து ஏனென்றால் அ, ம, புள்ளி, ம, கால் என்று ஐந்து குறியீடுகள். இதில் ஒரு குழப்பமும் உண்டு: கொப்பி செய்த நிரல் 13ஐ மட்டும் வைத்தாலும், விண்டோஸ் தானாகவே 1ஐயும் 7ஐயும் உண்டாக்கிப் பட்டியலில் காட்டும். பட்டியலில் 1 இருப்பதால் அது யாரோ வேண்டுமென்று வைத்தது என்று நினைக்க வேண்டாம்.

13இல் வருவது யூடிஎஃப்16, யூனிகோட்டைப் பைட்டாக எழுதும் இன்னொரு முறை. கடைசியில் பூச்சியம் இருக்கும். நினைவகத் துண்டின் அளவை நம்பி முழுவதையும் வாசித்தால் பூச்சியத்துக்குப் பிறகு கிடக்கும் குப்பையும் சேர்ந்து வரும், ஏனென்றால் விண்டோஸ் கேட்டதைவிடப் பெரிய துண்டைத் தரலாம். பூச்சியம் வந்ததும் நிறுத்துங்கள். 'மட்டக்களப்பு' என்பதில் 12 குறியீடுகள், யூடிஎஃப்16இல் 24 பைட், முடிவுப் பூச்சியத்தோடு 26. யூடிஎஃப்8இல் 36. இந்த மூன்று எண்களையும் ஒரு தாளில் எழுதி மேசையில் ஒட்டி வைத்திருக்கிறேன். அளவு பொருந்தாத இடத்தில் பிழை எங்கேயென்று உடனே தெரியும்.

வரிமுறிவு விண்டோஸில் இரண்டு எழுத்து. உள்ளே வரும்போது ஒன்றாக்குங்கள், வெளியே போகும்போது இரண்டாக்குங்கள்.

தமிழுக்கென்று இன்னொன்றும் இருக்கிறது. ஒகர, ஓகாரக் குறியை ஒரே குறியீட்டாலும் எழுதலாம், கொம்பையும் காலையும் தனித்தனியாக வைத்தும் எழுதலாம். திரையில் வித்தியாசம் தெரியாது. 'கொக்கட்டிச்சோலை' முதல் முறையில் 15 குறியீடு, இரண்டாவதில் 17. தேடினால் அகப்படாது. உள்ளே வரும்போதே யூனிகோட்டின் என்எஃப்சி முறைப்படி சேர்த்துவிடுங்கள். கோப்புப் பெயர்களில் மட்டும் இதைச் செய்யாதீர்கள், பெயர் மாறினால் கோப்பைத் திறக்க முடியாமல் போகலாம்.

படி 6: எச்டிஎம்எல், பாமினி ஒளிந்திருக்கும் இடம்

அக்காவின் பிரச்சினைக்கு வருவோம். பாமினியில் 'அம்மா' என்று தட்டும்போது கணினிக்குள் போவது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து ஆங்கிலக் குறிகள். அவற்றைத் தமிழாகக் காட்டுவது எழுத்துரு மட்டும்தான். வெறும் எழுத்து வடிவத்தில் எழுத்துருவின் பெயர் வராது, ஆகவே அந்த வடிவத்தில் அது தமிழே அல்ல. என் மென்பொருள் வெறும் எழுத்தை முதலில் எடுத்தது. தமிழைத் தமிழாக்கும் ஒரே தகவலை வாசலிலேயே கழற்றி வைத்துவிட்டு, உள்ளே வந்து தேடியிருக்கிறேன்.

எழுத்துருவின் பெயர் எச்டிஎம்எல்லிலும் ஆர்டிஎஃப்பிலும் இருக்கும். நான் எச்டிஎம்எல்லை எடுத்தேன், ஏனென்றால் அதை லினக்ஸிலும் உலாவிகளிலிருந்தும் வாங்கலாம்.

விண்டோஸின் எச்டிஎம்எல் வடிவம் யூடிஎஃப்8இல் இருக்கும், முன்னால் ஒரு சின்னத் தலைப்போடு வரும். தலைப்பில் பதிப்பு எண்ணும், முழு ஆவணம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, தெரிவு செய்த துண்டு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்ற நான்கு எண்களும் இருக்கும். இந்த எண்கள் பைட் கணக்கு. எழுத்துக் கணக்கு அல்ல. ஆங்கிலத்தில் இரண்டும் ஒன்றென்பதால் பிழை வெளியே தெரியாது. தமிழில் உடனே மானம் போகும். 'மட்டக்களப்பு' என்ற சொல்லைத் தடித்த எழுத்தாக்கினால், திறக்கும் டேக் 3, சொல் 36, மூடும் டேக் 4, மொத்தம் 43 பைட். எழுத்தாக எண்ணினால் 19. நீங்கள் 19 என்று தலைப்பில் எழுதினால், வாங்கும் நிரல் டேக்குக்குப் பிறகு 16 பைட் எடுக்கும்: 'மட்டக' வந்து, அடுத்த புள்ளியின் மூன்றில் ஒரு துண்டு வந்து, ஒரு கறுப்புப் பெட்டியோடு நிற்கும். இப்படிப் பாதியில் நிற்கும் தமிழை எங்கே கண்டாலும் முதலில் இந்தக் கணக்கைச் சந்தேகப்படுங்கள்.

ஜாவா இந்தத் தலைப்பைத் தானே பிரித்து வாசிக்கும், கொப்பி செய்யும்போது தானே போட்டும் தரும். சீ மொழியில் எழுதினால் நீங்கள் செய்ய வேண்டும். எண்களுக்கு முன்னால் பூச்சியங்கள் நிரப்பி ஒரே அகலத்தில் எழுதுங்கள், அப்போது தலைப்பின் நீளம் மாறாது, கணக்கு ஒரே தடவையில் முடியும்.

இனி ஜாவாவுக்குள் ஒரு சூட்சுமம். எச்டிஎம்எல்லுக்கு மூன்று ஃபிளேவர்கள் உள்ளன: தெரிவு, துண்டு, முழுமை. எதுவும் குறிப்பிடாமல் டெக்ஸ்ட்/எச்டிஎம்எல் சரம் என்று மட்டும் கேட்டால் 'தெரிவு' கிடைக்கும். நான் அப்படித்தான் கேட்டேன். சில வரிகளில் பாமினி என்ற பெயர் இருந்தது, சிலவற்றில் இல்லை. காரணம், வேர்ட் எழுத்துருவை எப்போதும் வரிக்குள் எழுதுவதில்லை. ஆவணத்தின் இயல்பான பாணியே பாமினி என்றால், அந்தப் பெயர் தலைப்பகுதியின் பாணி விதிகளில் மட்டும் இருக்கும். வரியில் அந்தப் பாணியின் பெயர் மட்டுமே இருக்கும். தெரிவை மட்டும் வாங்கினால் தலைப்பகுதி வராது. 'ஆல் எச்டிஎம்எல் ஃபிளேவர்' என்ற முழுமையானதைக் கேட்டேன், அன்றோடு சரி. படி 3இல் 'தலைப்பகுதி உட்பட' என்று எழுதியது இந்த அனுபவத்தால்தான்.

மறுகா செய்ய வேண்டியது: எச்டிஎம்எல்லைப் பாகுபடுத்தி, ஒவ்வொரு எழுத்துத் துண்டுக்கும் உண்மையில் எந்த எழுத்துரு என்று கண்டுபிடியுங்கள். பாமினி என்றால் மட்டும் மாற்றுங்கள். அதே வரியில் ஆங்கிலத்தில் இருக்கும் தொலைபேசி, மின்னஞ்சல் ஆகியவற்றைத் தொடக் கூடாது. முழுப் பத்தியையும் மாற்றிவிடும் கருவிகள் மின்னஞ்சல் முகவரியையும் 'தமிழாக்கி' வைப்பதைப் பார்த்திருப்பீர்கள்.

மாற்றத்தில் வரிசையும் முக்கியம். பாமினி கண்ணுக்குத் தெரியும் வரிசையில் எழுதுகிறது: 'கொ' என்றால் என், எஃப், எச், அதாவது கொம்பு, க, கால். யூனிகோட் ஒலி வரிசையில் எழுதுகிறது: க முதலில், பிறகு ஒகரக் குறி. ஆகவே ஒவ்வொரு குறிக்கும் பதில் குறி என்று மாற்றினால் போதாது. கொம்பு வந்தால் அடுத்த மெய்யை எடுத்து, அதற்குப் பின்னால் கால் இருக்கிறதா என்று பார்த்து, சேர்த்து எழுத வேண்டும். நீளமான கோலங்களை முதலில், குட்டையானவற்றைக் கடைசியில் ஒப்பிடுங்கள்.

லினக்ஸில் எச்டிஎம்எல் தலைப்பில்லாமல் வரும். பெரும்பாலும் யூடிஎஃப்8. ஆனால் யூடிஎஃப்16இல் தந்த நிரல்களும் உண்டு, முதல் இரண்டு பைட்டில் அடையாளக் குறி இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். எங்கிருந்து வந்தாலும் எச்டிஎம்எல்லுக்குள் இருக்கும் ஸ்கிரிப்டை எறிந்துவிடுங்கள். அது யார் எழுதியது என்று உங்களுக்குத் தெரியாது.

படி 7: படம்

விண்டோஸின் 8ஆம் வடிவம் ஒரு பிஎம்பி கோப்புப் போலத்தான், முன்னால் இருக்க வேண்டிய 14 பைட் கோப்புத் தலைப்பு மட்டும் இல்லை. கோப்பாகச் சேமிக்க அதைச் சேர்க்க வேண்டும். உள்தலைப்பு பெரும்பாலும் 40 பைட். வரிகள் கீழிருந்து மேலாகப் போகும், உயரம் எதிர்மறை எண்ணாக இருந்தால் மேலிருந்து கீழ். ஒவ்வொரு வரியும் 4 பைட்டின் மடங்காக நிரப்பப்பட்டிருக்கும். இதை மறந்தால் படம் சரிந்து, காற்றில் ஆடும் சேலை மாதிரித் தெரியும்.

ஒளிபுகும் பின்னணியை 8ஆம் வடிவத்தில் நம்ப முடியாது. 17இல் அதற்கு இடம் உண்டு, உள்தலைப்பு 124 பைட். பல நிரல்கள் பிஎன்ஜி என்ற பெயரைப் பதிந்து அதிலும் ஒரு பிரதி வைக்கின்றன. ஆகவே என் முன்னுரிமை: பிஎன்ஜி, 17, 8. கார்ட்டுக்கான பிள்ளையார் படமும் குத்துவிளக்கும் வெள்ளைப் பெட்டியோடு வந்து விழுவது நின்றது இதனால்தான்.

படி 8: கோப்புகள்

சுருக்கமாகச் சொல்கிறேன். விண்டோஸில் 15ஆம் வடிவம்: 20 பைட் தலைப்பு, பிறகு பாதைகள், ஒவ்வொன்றின் முடிவிலும் ஒரு பூச்சியம், கடைசியில் இன்னொன்று. கொப்பியா வெட்டா என்பது வேறொரு பதிந்த வடிவத்தில் ஓர் எண்ணாக வரும், 1 கொப்பி, 2 நகர்த்தல். லினக்ஸில் டெக்ஸ்ட்/யூஆர்ஐ-லிஸ்ட்: வரிக்கு ஒரு முகவரி, தமிழ்ப் பெயர்கள் சதவீதக் குறியோடு குறியாக்கப்பட்டிருக்கும். ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு ஒன்பது எழுத்து, 'மட்டக்களப்பு' 108 எழுத்து. நோம் மேசைத்தளம் கொப்பியா வெட்டா என்பதைத் தன் சொந்த வடிவத்தின் முதல் வரியில் எழுதும். ஜாவாவில் கோப்புப் பட்டியலுக்கென்றே ஒரு ஃபிளேவர் இருப்பதால் பாதைகளுக்கு நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை.

படி 9: சொந்த வகை

உங்கள் மென்பொருளின் ஒரு சாளரத்திலிருந்து இன்னொன்றுக்கு முழு வடிவமைப்பையும் கொண்டுபோகச் சொந்த மைம் வகை வேண்டும். ஜாவாவில் புதிய ஃபிளேவரைச் சும்மா போட்டால், அது தன் முன்னொட்டு ஒன்றைச் சேர்த்து உள்ளூர்ப் பெயரை உண்டாக்கும். ஜாவாவுக்கு ஜாவா அது போதும். நாளைக்கு இதே வேலையை வேறு மொழியில் எழுதினால் அந்த விசித்திரப் பெயரைச் சுமக்க வேண்டும். படி 4இல் சொன்ன இரண்டு செயல்கூறுகளாலும் நல்ல பெயரொன்றை நீங்களே கொடுங்கள். ஜாவாவின் பொருள் வரிசையாக்கத்தைப் பயன்படுத்த வேண்டாம். வகுப்பில் ஒரு புலம் மாறினாலே பழைய பதிப்போடு பேசாது, பாதுகாப்புக்கும் நல்லதல்ல.

படி 10: வெளியே வைக்கும்போது

விவரம் கூடியதிலிருந்து குறைந்ததற்கு: சொந்த வகை, எச்டிஎம்எல், படம், வெறும் எழுத்து. விண்டோஸ் நீங்கள் வைத்த வரிசையிலேயே மற்றவர்களுக்குக் காட்டும். பட்டியலின் மேலிருந்து விளங்கும் முதலாவதை எடுக்கும் நிரல்கள் பல. வெறும் எழுத்தை மட்டும் ஒருபோதும் விட்டுவிடாதீர்கள், நோட்பேட்டில் ஒட்டுபவரும் மனிதர்தான்.

பெரிய படமென்றால் கேட்கும்போது மட்டும் உண்டாக்கிக் கொடுக்கலாம், எல்லா இயங்குதளத்திலும் அதற்கு வழி உண்டு. லினக்ஸில் இது கட்டாயம் போலத்தான்: தரவு உங்கள் நிரலிடமே இருக்கும், கேட்பவருக்கு நீங்கள் கொடுக்க வேண்டும். நிரலை மூடினால் கொப்பி செய்ததும் போய்விடும், கிளிப்போர்ட் மேலாளர் ஒன்று ஓடிக்கொண்டிருந்தால் தவிர. "இப்பத்தானே கொப்பி பண்ணினேன், எங்க போச்சு?" என்ற கேள்விக்கு இதுதான் பதில்.

விண்டோஸில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் கிளிப்போர்ட்டைத் திறக்கலாம். வேறு நிரல் பிடித்திருந்தால் ஜாவா விதிவிலக்கு எறியும். சில பத்து மில்லிவினாடி பொறுத்து நான்கைந்து தடவை முயன்று பாருங்கள். பெரும்பாலும் இரண்டாம் தடவையே கிடைக்கும்.

படி 11: சோதனை

என் சோதனைத் தாளில் மூன்று ஊர்ப் பெயர்கள் உள்ளன. 'மட்டக்களப்பு' பைட் கணக்குக்கு. 'கொக்கட்டிச்சோலை' ஒகரம், ஓகாரம், ஐகாரம் மூன்றும் இருப்பதால் பாமினி வரிசைக்கும் என்எஃப்சிக்கும். 'வந்தாறுமூலை' று, மூ என்ற உகர, ஊகார உயிர்மெய்களுக்கு, ஏனென்றால் பாமினியில் இவற்றில் பல தனித்தனிக் குறிகள். ஒவ்வொன்றையும் யூனிகோட்டிலும் பாமினியிலும், வேர்ட், எக்செல், உலாவி ஆகியவற்றிலிருந்து கொப்பி செய்து ஒட்டி, திரும்ப என் மென்பொருளிலிருந்து கொப்பி செய்து வேர்டில் ஒட்டிப் பார்க்க வேண்டும். போய்த் திரும்பி வந்த சரமும் முதல் சரமும் குறியீட்டுக்குக் குறியீடு ஒன்றாக இருக்கிறதா என்று ஒப்பிடுங்கள். கண்ணால் பார்த்து ஒன்றென்று முடிவு செய்யாதீர்கள்.

ஓர் இடம் மட்டும் இன்னும் அடைபடவில்லை. நோட்பேட் கோப்பில் யாரோ ஒட்டிவைத்த பாமினி வந்தால், எழுத்துருவின் பெயர் எந்த வடிவத்திலும் இல்லை. எழுத்துகளின் கோலத்தைப் பார்த்து ஊகிக்கும் நிரல்துண்டு ஒன்று எழுதிப் பார்த்தேன். அது ஒரு கல்யாணக் கார்ட்டில் மாப்பிள்ளையின் ஆங்கிலப் பட்டத்தைத் தமிழாக்கிவிட்டது, நல்லவேளை அச்சுக்குப் போகுமுன் அக்கா கண்டுவிட்டார். ஊகத்தைத் தூக்கிவிட்டு, 'இது பாமினியா?' என்று ஒரு பட்டனை வைத்தேன். தெரிவு செய்த துண்டை மட்டும் மாற்றும்.

"ஓம் தம்பி, இது நல்லம்," என்றார் அக்கா. "எது பாமினி என்று எனக்குத்தானே தெரியும்."